வெள்ளைப் பலகைக்காரர்

அவர் பொய் சொன்னதே இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரைப் பொய்யர் என்று யாராவது முடிவு கட்டினால், அவர் மிகச் சுலபமாகத் தப்பித்துவிடுவார். பொய்யர்களை நமக்குத் தெரியும். அவர்களோடு பிழைக்கவும் கற்றிருக்கிறோம். இவர் வேறு வகை.

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் அவருடைய கிரில் பட்டறை இருந்தது. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, பால்கனி கிரில் என்று எல்லாம் செய்வார்கள். ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் இடம். மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் நான் ஆபீஸ் வேலை பார்த்தேன். போன் எடுப்பது, பில் போடுவது, வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது. கொரோனா அடங்கி ஊர் மறுபடி வீடு கட்ட ஆரம்பித்த தை மாதம் சேர்ந்தேன். மூன்றாவது சித்திரையில் விலகினேன். நாளும் கிழமையும் நினைவில் வைத்துக்கொள்ளும் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. "நீ ஒரு கல்வெட்டுப்பா" என்பார் அவர். பாராட்டாகத்தான் சொல்வார். அவர் யாரையும் பழித்தும் நான் கேட்டதில்லை.

அப்படி ஒரு சுத்தமான பட்டறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காலையில் ஷட்டர் தூக்கியதும் முதலில் துடைப்பம்தான் வெளியே வரும். இரும்புத் தூள், வெல்டிங் பொறி விழுந்த கருப்பு எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் மெஷினைத் தொட வேண்டும். போல்ட்டுகள் அளவு வாரியாக டப்பாக்களில், டப்பாவின் மேல் அவர் கையெழுத்தில் சீட்டு. கம்பிகள் நீளப்படி சுவரில் சாய்த்திருக்கும். ஒருமுறை கேட் விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். "கழட்ட வேணாம் சார், இது கிரில் பட்டறைதான்" என்றார் வெல்டர் சேகர். "பல் டாக்டர் வூடுன்னு நெனச்சிட்டாரு" என்று அன்று முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். முதலாளியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. வந்த வேலைகளையெல்லாம் அவரே நீல மார்க்கரில் எழுதுவார். முத்து முத்தான எழுத்து. தினமும் காலையில் டீ கிளாஸோடு பலகை முன்னால் நிற்பார். ஒருவரைக் கூப்பிடுவார். "வண்டலூர் கேட் உன்னோடது." வந்தவர் தலையாட்டுவார். உடனே இவர் இடது கட்டைவிரலால் அந்த வரியைத் துடைத்துவிடுவார். "சொல்லியாச்சு." அடுத்த ஆள். அடுத்த வரி. டீ ஆறுவதற்குள் பலகை வெளுத்துவிடும்.

சேர்ந்த முதல் மாதமே கேட்டேன். "அண்ணா, வேலை முடிஞ்ச அப்புறம் அழிக்கலாமே?"

"சொல்லியாச்சேப்பா."

"சொல்லிட்டீங்க. செய்யணும்ல?"

"செய்யறதுக்குத்தானே ஆள் வெச்சிருக்கேன்? நான் சொல்லிட்டேன்னா என் பார்ட் முடிஞ்சுது. அதுக்கப்புறமும் போர்டுல இருந்தா அந்த ஆள நான் நம்பலன்னு அர்த்தம். பாவம், மனசு கஷ்டப்படும்ல?"

நான் சரித்திரப் புத்தகங்கள் நிறையப் படிக்கிறவன். மெய்க்கீர்த்திகளில் அரசன் ஏரி வெட்டினான், கோயில் எடுத்தான் என்று வரும். அவன் மண்வெட்டியைத் தொட்டிருக்க மாட்டான். வெட்டச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அங்கே ஓர் ஏரி நிஜமாகவே இருக்கும். இவருடைய மெய்க்கீர்த்தியில் சொன்னதோடு சரி. தண்ணீர் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கிற வழக்கமே அவருக்கு இல்லை.

வண்டலூர் கேட்டையே எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் என்னிடம் போனில் ஒரு வாரம் கத்தினார். நான் முதலாளியிடம் கேட்டேன். சொல்லியாச்சு என்றார். யாரிடம் என்றேன். சேகர் இல்லை, இன்னொரு வெல்டரிடம் என்றார். அந்த வெல்டர் துக்கத்துக்காக ஊருக்குப் போய்ப் பத்து நாளாகிறது என்றேன்.

"தெரியும்பா. அவன் போன் எடுக்கல. வீட்டுல சொன்னேன்."

"வீட்டுல யார்கிட்ட?"

"அவன் சம்சாரத்துகிட்ட. நல்ல பொண்ணு. சொல்லிடறேன்னு சொல்லுச்சு."

ஆக, வண்டலூரில் ஒருவர் வீடு கேட் இல்லாமல் திறந்து கிடக்க, அந்த வேலை துக்க வீட்டில் இருந்த ஒரு பெண்ணின் காதில் பத்திரமாக இருந்தது. பலகையில் அந்த வரி அழிந்திருந்தது. அவர் மனதிலும்தான்.

டீ விஷயமும் அப்படித்தான். யார் வந்தாலும் உட்கார வைத்து, "டீ சொல்லியிருக்கேன், இருங்க" என்பார். வாசலில் யார் போனாலும் சொல்லிவிடுவார். அந்த ஆள் டீக்கடைப் பக்கம்தான் போகிறாரா என்று பார்க்க மாட்டார். வந்தவர் அரைமணி நேரம் அவர் பேச்சைக் கேட்டுவிட்டு, டீ குடித்த திருப்தியோடு எழுந்து போவார். வெறும் வாயோடு போகிறோம் என்பதே அவர்களுக்கு உறைக்காது. இதை நான் பலமுறை மேலேயிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயமாக இருந்தது.

ஏனென்றால் கோபத்தோடு வருகிறவர்களையும் அவர் அப்படித்தான் அனுப்புவார். தெருமுனையிலேயே கத்திக்கொண்டு வருகிறவர் உள்ளே வந்து பத்து நிமிஷத்தில் தன் மகன் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து, "ஆச்சுன்னு வெச்சுக்கோங்க" என்பார். அந்தக் குரலில் அத்தனை உறுதி இருக்கும். நடிப்பு இல்லை. அந்த நிமிஷத்தில் அவருக்கு அது ஆகிவிட்டது. அவர்கள் கோபம் எங்கே போகும்? வீடு திரும்பி, ஜன்னலைப் பார்த்து, கம்பி இல்லையென்று நினைவு வந்து, மறுநாள் எனக்குப் போன் செய்வார்கள். அவரைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை. என்னைத் திட்ட எல்லாருக்கும் வந்தது.

இன்னொரு பழக்கம். வேலைகளுக்கு அவர் ஊர்ப் பெயர்தான் வைப்பார். வாடிக்கையாளர் பெயர் எழுத மாட்டார். வண்டலூர் கேட், குரோம்பேட்டை ஜன்னல், அஸ்தினாபுரம் பால்கனி. ஒரே ஊரில் இரண்டு பால்கனி வந்தால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொன்னேன். வேலைக்கு நம்பர் போடலாம், பெயராவது எழுதலாம் என்றேன்.

"நம்பர் போட்டா ஜெயில் மாதிரி இருக்கும்பா. நம்ம கஸ்டமர் என்ன கைதியா?"

கீழே எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வித்யா வந்தது நான் விலகிய வருஷப் பொங்கலுக்கு அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். நாற்காலியில் உட்காரும்போதே செல்போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். வீட்டில் மாமியார் எந்த நேரமும் கூப்பிடலாமாம்.

"அஸ்தினாபுரம் சார். மூணாவது மாடி. பால்கனில பாதிச் சுவர்தான் இருக்கு. என் பொண்ணுக்கு ஆறு வயசு, பேச்சு இன்னும் வரல. எதப் பாத்தாலும் ஏறிடுவா. ஏறிட்டா, கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா."

"பால்கனிக் கதவப் பூட்டி வெச்சுட்டா?" என்றேன்.

"ஸ்லைடிங் டோர் சார். பில்டர் போட்ட லாக் ரெண்டு மாசம்கூட நிக்கல. சோபாவ அண்டக் குடுத்து வெச்சேன். இப்ப சோபா மேல ஏறி நின்னு கதவத் தள்றா. நான் அவளுக்குப் படி கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. குழந்தை பிறந்தபின் கிடைத்த முதல் வேலை. பிப்ரவரி முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். ஆனால் அவருக்கு முட்டி வலி, எழுந்து ஓட முடியாது. பால்கனிக்குக் கம்பி போட்டால்தான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அதில் தப்பும் இல்லை.

"அந்தத் திங்கக்கிழமைக்குள்ள போட்டுடணும் சார். நாலஞ்சு இடத்துல இன்டர்வியூ போய், இது ஒண்ணுதான் வந்திருக்கு."

முதலாளியே மாடியேறி வந்து எல்லாவற்றையும் கேட்டார். முகம் இளகிவிட்டது. "கவலையே படாதீங்கம்மா. நம்ம வீட்டுக் குழந்த மாதிரி. ஆச்சுன்னு வெச்சுக்கோங்க." மறுநாள் அவரே போய் அளவெடுத்தார். குழந்தைக்குச் சாக்லேட் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து பலகையில் எழுதினார்: அஸ்தினாபுரம் பால்கனி. அதற்குப் பக்கத்தில் நான் 'வித்யா, மூன்றாவது மாடி' என்று எழுதினேன். மறுநாள் காலை இரண்டும் துடைக்கப்பட்டிருந்தன.

"சேகர்கிட்ட சொல்லியாச்சு" என்றார்.

சேகர் அந்த வாரம் முழுக்க வண்டலூரில் ஓர் அடுக்குமாடியில் படிக்கட்டுக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தார். பட்டறைப் பக்கமே வரவில்லை. முதலாளி போனில்தான் பேசியிருந்தார். வித்யா எனக்குத் தினமும் போன் செய்தாள். கத்தவில்லை. "இன்னிக்கு வருவாங்களா சார்?" என்று மட்டும் கேட்பாள். பின்னணியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். "ஒரு நிமிஷம் சார்" என்று ஓடுவாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசுவாள். நான் ஒவ்வொரு முறையும் முதலாளியிடம் போய் நின்றேன்.

"நேத்துகூடக் கேட்டேன்பா. முடிஞ்சுதுன்னான்."

"முடிஞ்சுதா? யாரும் வரலன்னு அந்தம்மா போன் பண்றாங்களே!"

"கம்பி வெட்டற வேல முடிஞ்சுதுன்னு சொல்லியிருப்பான். மாட்ட வேண்டியதுதான் பாக்கி." எனக்கே ஆறுதல் சொல்வதுபோல் தோளைத் தட்டினார். "நீ ரொம்ப டென்ஷன் ஆகற. உடம்பப் பாத்துக்கோ."

அந்த மாதக் கடைசியில் அவருக்கு வேறு ஒரு பரபரப்பு இருந்தது. எங்கள் பகுதிச் சிறுதொழில்காரர்கள் சங்கத்தில் அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டறையின் சுத்தத்தைப் பார்த்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். சிறுதொழிலில் வேலைகளை ஒழுங்குபடுத்துவது எப்படி என்பதுதான் தலைப்பு. நான் கற்பனை செய்யவில்லை. அழைப்பிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அது ஒரு சனிக்கிழமை. வித்யா வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை. பட்டறைக்கு விடுமுறை விட்டு எங்கள் எல்லாருக்கும் நீல டி-ஷர்ட் கொடுத்து, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார். வித்யா மதியமே அவருக்குப் போன் செய்திருந்தாள். என் முன்னால்தான் பேசினார். "நாளன்னிக்குத்தானேம்மா? ஆச்சுன்னு வெச்சுக்கோங்க."

என் பக்கத்து நாற்காலியில் சேகர். வண்டலூர் வேலையை அன்று காலையில்தான் முடித்திருந்தார்.

"சேகர், அஸ்தினாபுரம் எப்ப மாட்டப் போறீங்க?"

"எந்த அஸ்தினாபுரம் சார்?"

"பால்கனி."

"அத்த மாட்டி எம்மா நாளாச்சு. பேங்க் சார் வூடு. கீழ் வூட்டுக்காரன் வந்து தூசி வுழுதுன்னு சண்ட போட்டானே, அதானே?"

"அது இல்ல. மூணாவது மாடி. சின்னப் பொண்ணு இருக்கற வீடு."

சேகர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார். "இன்னா சார் சொல்ற? அப்டி ஒரு வூடு எனக்கு யாரும் சொல்லவேல்லியே. அண்ணன் போன்ல, 'அஸ்தினாபுரம் பால்கனி இன்னாடா ஆச்சு'ன்னாரு. முடிஞ்சுதுண்ணான்னேன். 'சூப்பர்டா'ன்னு வெச்சிட்டாரு."

நான் எழுந்து மேடைப் பக்கம் போனேன். முதலாளி சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தப் பொண்ணு வீட்டு பால்கனிக்கு ஒரு கம்பிகூட வெட்டல. சேகருக்கு அப்படி ஒரு வீடு இருக்கறதே தெரியாது."

"அப்படியா? சரி, சொல்லிடலாம்."

"நாளன்னிக்கு அவங்க வேலைல சேரணும். இப்பவே பட்டறையத் திறந்தாத்தான் முடியும்."

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல நான் பேசணும்பா." என் கையை அழுத்தினார். உள்ளங்கை சில்லென்றிருந்தது. அவருக்கு மேடை பயம். "ஆளெல்லாம் எழுந்து போனா நல்லாருக்காது. உக்காரு. முடிஞ்சதும் பாக்கலாம்."

உட்கார்ந்தேன். திரையில் எங்கள் பட்டறையின் படங்கள் வந்தன. டப்பாக்கள். சீட்டுகள். நீளப்படி சாய்த்த கம்பிகள். கடைசியாகப் பலகை. ஓர் எழுத்தில்லை.

"மாசக் கடைசில என் போர்டு இப்படித்தான் இருக்கும்" என்றார். "பால் மாதிரி. இத ஒரு வருஷம் ரெண்டு வருஷமா இல்ல, தொழில் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் விட்டதே இல்ல."

கை தட்டினார்கள். உண்மையாகவே வியந்து தட்டினார்கள். பேக்கரி வைத்திருப்பவர்கள், பிரிண்டிங் பிரஸ்காரர்கள், ஏசி ரிப்பேர் செய்கிறவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் ஒரு பலகை வாங்கியிருப்பார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் வித்யா உள்ளே வந்தாள். பட்டறைக்குப் போயிருக்கிறாள். பூட்டியிருந்தது. எதிர்க் கடையில் கேட்டு மண்டபத்துக்கு வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை. ஆறு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்குவது என்றால் பாரம் தெரியும். இறக்கி விட்டால் எங்கே போவாள் என்று தெரியாதென்பதால் தூக்கியிருந்தாள். நடுப் பாதையில் நடந்து வந்து மேடைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றாள். கைதட்டல் நின்றது.

"சார், அந்த போர்டுல என் வேல எங்க இருக்குன்னு காட்டுங்க."

குரல் உயரவில்லை. மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்டது. அதற்குள் குழந்தை நழுவி இறங்கி, ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளின்மேல் ஏறத் தொடங்கியிருந்தாள். வித்யா பேசிக்கொண்டே அந்தப் பக்கம்தான் பார்த்தாள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கிற நேரம்கூட அவரை நேராகப் பார்த்துக் கேட்க அவளுக்கு வாய்க்கவில்லை. சேகர் பாய்ந்து போய்க் குழந்தையைப் பிடித்தார். அது சேகர் தோளைக் கடித்தது. சேகர் விடவில்லை.

முதலாளி மேடையில் ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"சேகர்! அம்மா வீட்டு பால்கனி. நாளைக்குக் காலைல மொத வேல அதான். சரியா?"

முதலாளி கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இதான் ஃபாலோ அப். கஸ்டமர் கேட்ட அந்த நிமிஷமே, அவங்க முன்னாடியே, பொறுப்ப ஒப்படைச்சாச்சு."

மறுபடியும் கை தட்டினார்கள்.

அந்தச் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. வித்யா அதன் நடுவில் நின்றாள். தன்னை எதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று அவளுக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது. கை தட்டுகிறவர்களிடம் என்ன சொல்ல முடியும்? குழந்தையை சேகரிடமிருந்து வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். படிக்கட்டில் சேகர், "அக்கா, அட்ரஸ் சொல்லு. அளவு நானே திரும்ப எடுத்துக்கறேன்" என்றார். நீல டி-ஷர்ட்டோடேயே போய் அளவெடுத்தார். மாலையில் பட்டறையைத் திறந்தோம். ஞாயிறு காலைக்குள் கம்பி வெட்டி, வெல்டிங் முடித்து, ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துவிட்டோம். முதலாளி காலையில் எட்டிப் பார்த்து, "சொன்னேன்ல?" என்றார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கையில் இருந்த பெயிண்ட் பிரஷ்ஷை என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

மதியம் லோடு ஆட்டோவில் கிரில்லை ஏற்றிக்கொண்டு அஸ்தினாபுரம் போனோம். வாசலிலேயே குடியிருப்போர் சங்கச் செயலாளர் மறித்தார். அரைக்கால் சட்டை போட்ட மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடக் கூடாது. அது அவர்கள் கட்டிடத்து விதி. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மேல் போடலாம். வித்யா கெஞ்சினாள். நான் கெஞ்சினேன். வேறு வழியில்லாமல் முதலாளிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். செயலாளர் நடுவில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். போன் என்னிடம் திரும்பி வந்தபோது முதலாளி, "பேசிட்டேன்பா. அவரு நம்ம ஆளுதான். ஆரம்பிங்க" என்றார்.

சேகர் ட்ரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தார்.

"எங்க எடுக்கறீங்க?" என்றார் செயலாளர்.

"ஓகேன்னு சொன்னீங்களாமே சார்?"

"ரொம்ப நல்லாப் பேசினார் உங்க ஓனர். அதுக்காக ரூல மாத்த முடியுமா?"

திங்கட்கிழமை காலை நாங்கள் போனபோது வித்யா புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கைப்பையும் டிபன் பையுமாக ஹாலில் நின்றாள். ஒன்பது மணிக்கு சேகர் முதல் துளையைப் போட்டார். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வீறிட்டது. தலையைச் சுவரில் மோதியது. பாட்டி பக்கத்தில் போனால் தள்ளியது. நான், "நீங்க கிளம்புங்க, நாங்க இருக்கோம்" என்றேன். சொன்னதும் எனக்கே அசிங்கமாக இருந்தது. வித்யா பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் இறுக்கி, அதன் காதுகள் மேல் தன் கைகளை வைத்துக்கொண்டாள். நடு நடுவே சேகர் நிறுத்தினார். "போடுங்கண்ணா, சீக்கிரம் முடிங்க" என்றாள். நிறுத்தினால் இன்னும் நேரமாகும். போட்டால் குழந்தை கத்தும். பூ நசுங்கிப் புடவையில் ஒட்டியிருந்தது.

பத்து மணிக்கு மேல் ஒரு கையால் கல்லூரிக்குப் போன் செய்தாள். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறோம், நாளைக்கு வந்து பாருங்கள் என்றார்களாம்.

மதியம் கிரில் பால்கனியில் நின்றது. முதலாளி ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். கம்பியை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. சேகர் வேலையில் குறை இருக்காது. "அம்மா, குழந்தையோட அங்க நில்லுங்க, ஒரு போட்டோ" என்றார். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்காம். வித்யா எழுந்திருக்கவில்லை. தரையிலிருந்தே அவரைப் பார்த்தாள். முதன்முறையாக நேராகப் பார்த்தாள்.

"சார், இன்னிக்கு என் வேல போச்சோ என்னவோ தெரியல. போட்டோல அத எங்க நிக்க வெக்கறது?"

அவர் கூட்டத்தில் திகைத்ததைவிட அதிகமாகத் திகைத்தார். ஸ்வீட் பாக்ஸை டிவி மேஜைமேல் வைத்துவிட்டு, "கடவுள் இருக்காரும்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

செவ்வாய்க்கிழமை அவள் குரோம்பேட்டையில் ரயிலேறி காட்டாங்குளத்தூர் போனாள். முந்தின நாள் அவள் வரவில்லையென்றதும் பட்டியலில் அடுத்திருந்தவருக்குக் கடிதம் போய்விட்டது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். அன்று மாலை எனக்குப் போனில் சொன்னாள். குரலில் என்மேல் கோபமில்லை. "சேகர் அண்ணன்கிட்ட சொல்லுங்க சார், கிரில் நல்லாருக்கு. அவ பிடிச்சுக்கிட்டு நின்னு ரோட்டப் பாக்கறா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு வேல போயிடுச்சு. நம்மளாலதான் போச்சு. உங்களாலதான் போச்சு."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. நான் முன்பே சொன்னேன், நடிப்பு இல்லை. நிஜமான கண்ணீர். உதடு துடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அவ்ளோ அவசரம்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா."

பட்டறையில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் சொன்னதை எடுத்துச் சொல்ல வந்தேன், அந்தக் கலங்கிய கண்களைப் பார்த்து விட்டுவிட்டேன். இதுதான் அவரிடம் எனக்குத் தீராத ஆத்திரம். கை ஓங்கவும் ஓர் இடம் வேண்டுமே.

சட்டென்று அவர் முகம் தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒண்ணு பண்ணலாம். அந்தப் பொண்ண நம்ம ஆபீஸுக்கே வரச் சொல்லு. உனக்கும் ஒத்தாசையா இருக்கும். வீட்டுக்கும் பக்கம். சம்பளம் பேசிக்கலாம். இன்னிக்கே சொல்லிடு."

"சரிண்ணா" என்றேன்.

மாடியேறி அறைக்குப் போனேன். போனை எடுத்து அவள் எண்ணைப் பார்த்தேன். இங்கே வந்தால் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரெல்லாம் கூப்பிட்டு, "இன்னிக்கு வருவாங்களா?" என்று கேட்கிறவர்களுக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆச்சுன்னு வெச்சுக்கோங்க என்று அவள் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சித்திரையில் நான் விலகும்வரை அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னாயா என்று அவரும் கேட்கவில்லை.